டிராக்டர் செல்ப் எடுக்கலையா? பேட்டரி கடைக்கு ஓடுறதுக்கு முன்னாடி எர்த் வயரை பாருங்க!

கும்மிடிப்பூண்டி:

விடியற்காலை 5 மணி. கழனியில் தண்ணீர் கட்டியாச்சு. நாற்று பறிக்க ஆட்கள் வந்து வரப்பில் உட்கார்ந்து இருக்கிறார்கள். சேடை ஓட்ட வேண்டிய டிராக்டர் மட்டும் "டக்" என்று ஒரு சத்தம் போட்டு விட்டு அப்படியே நிற்கிறது.

மறுபடி சாவியை திருப்பினால் மறுபடியும் "டக்". நாலாவது தடவை திருப்பினால் ஒன்றுமே நடக்காத மாதிரி விர்ரென்று சுற்றி ஸ்டார்ட் ஆகி விடுகிறது. மதியம் சாப்பாட்டுக்கு நிறுத்தி விட்டு வந்தால் திரும்பவும் அதே கதை.

"இன்னாண்ணா, பேட்டரி போச்சா?"

"போன வருஷம்தான்பா மாத்துனேன். அதுக்குள்ள போச்சுன்னா நான் இன்னா பண்றது?"

திருவள்ளூர் மாவட்டத்தில் டிராக்டர் வைத்திருக்கும் யாருக்கும் இந்த பேச்சு புதுசு இல்லை. அடுத்து நடப்பதும் தெரிந்ததுதான். ஆயிரக்கணக்கில் பணம் கொடுத்து புது பேட்டரி வாங்குவார்கள். ஒரு மாசம் நன்றாக ஓடும். பிறகு பழையபடி "டக்".

உண்மையான திருடன் பல வண்டிகளில் பேட்டரி இல்லை. பேட்டரியின் மைனஸ் முனையில் இருந்து டிராக்டர் உடம்புக்கு போகிற எர்த் வயர்தான். சில நூறு ரூபாய் சமாசாரம். சில வண்டிக்கு அந்த செலவு கூட கிடையாது. ஒரு உப்புத்தாளும் ஸ்பேனரும் போதும்.

அதை எப்படி கண்டுபிடிப்பது? இதுபற்றிய விவரம் வருமாறு:-

ஒரு நாள் போனால்...

பொன்னேரி, மீஞ்சூர், கும்மிடிப்பூண்டி, ஊத்துக்கோட்டை பக்கம் சொர்ணவாரி, சம்பா, நவரை என்று நெல் பட்டம் மாறி மாறி வரும். நவரைக்கு டிசம்பர், ஜனவரியில் எல்லாரும் ஒரே நேரத்தில் கழனியில் இறங்குவார்கள். அந்த சமயத்தில் வாடகை டிராக்டருக்கு ஒரே கிராக்கி.

இதில் சொந்த டிராக்டர் ஒரு நாள் நின்று விட்டால் நஷ்டம் ஒரு நாளோடு போகாது. வந்த ஆட்களுக்கு கூலி கொடுத்தாக வேண்டும். வாடகை வண்டிக்கு வரிசையில் நிற்க வேண்டும். நாற்றங்காலில் நாற்று முற்றிக்கொண்டே போகும். குறுகிய கால நெல் ரகங்களில் வயசு தாண்டிய நாற்றை நட்டால் தூர் கட்டுவது குறையும். கடைசியில் அறுவடையில்தான் அது தெரியும்.

வாடகைக்கு ஓட்டுகிறவர்கள் பாடு இன்னும் மோசம். செங்கல் சூளைக்கு லோடு அடிக்கிறவர், தண்ணீர் டேங்கர் இழுக்கிறவர் என்று பலருக்கு டிராக்டர்தான் சோறு. வங்கி தவணைக்கு "செல்ப் எடுக்கல" என்று லீவு சொல்ல முடியாது.

எர்த் என்றால் என்ன?

எர்த் என்றதும் வீட்டு ஞாபகம் வரும். மீட்டர் பெட்டி பக்கத்தில் குழி தோண்டி, உப்பும் கரியும் போட்டு, தண்ணீர் ஊற்றுவோமே, அதுவும் எர்த்துதான். ஆனால் டிராக்டர் எர்த் வேறு.

டிராக்டர் ரப்பர் டயரில் நிற்கிறது. மண்ணுக்கும் அதன் கரண்டுக்கும் சம்பந்தம் கிடையாது. டிராக்டரின் இரும்பு உடம்பையே ஒரு பெரிய வயராக பயன்படுத்துகிறார்கள். அதற்கு பேர்தான் பாடி எர்த்.

பேட்டரியின் பிளஸ்சில் இருந்து தடித்த வயர் வழியாக கரண்டு செல்ப் மோட்டாருக்கு போகிறது. மோட்டாரை சுற்றி விட்டு, அதன் இரும்பு உடம்பு வழியாக எஞ்சினுக்கும் கியர் பாக்சுக்கும் வந்து, அங்கே இருந்து எர்த் வயரை பிடித்து பேட்டரியின் மைனஸ்சுக்கு திரும்பி வந்து சேர்கிறது.

நம்ம ஊர் மின்சார ரெயில் மாதிரி நினைத்துக் கொள்ளுங்கள். சென்டிரலில் இருந்து கும்மிடிப்பூண்டிக்கு வருகிற லைன் நன்றாக இருக்கிறது. திரும்பி போகிற லைனில் அடைப்பு. கொஞ்ச நேரத்தில் எல்லா வண்டியும் இங்கேயே நின்று விடும். சென்டிரலில் இருந்து கிளம்ப வண்டி இருக்காது. கரண்டும் அப்படித்தான். போகிற வழி எவ்வளவு நன்றாக இருந்தாலும் திரும்புகிற வழி அடைத்தால் செல்ப் மோட்டார் சுற்றாது.

நாம் எல்லாரும் பிளஸ் வயரைத்தான் பார்ப்போம். சிவப்பு கலரில் கண்ணுக்கு தெரியும். மைனஸ் வயர் எங்கேயோ சேறு படிந்து, பெயிண்ட் மூடி, யாரும் கவனிக்காமல் கிடக்கும்.

12 வோல்ட் எங்கே போகிறது?

"லைட் நல்லா எரியுது, ஹாரன் அடிக்குது, அப்புறம் எப்படி எர்த் போயிருக்கும்?" என்று பலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. பதில் கரண்டு அளவில் இருக்கிறது.

ஹெட்லைட்டுக்கு சில ஆம்பியர் கரண்டு போதும். டீசல் எஞ்சினை சுற்ற வைக்கிற செல்ப் மோட்டார் நூற்றுக்கணக்கான ஆம்பியர் இழுக்கும். எர்த் பட்டை என்பது செம்பு கம்பிகளை ஜடை மாதிரி பின்னியது. அதில் முக்கால்வாசி கம்பி அறுந்து நாலு கம்பி மிச்சம் இருந்தாலும் லைட் எரியும். செல்ப் எடுக்காது.

கணக்கு போட்டு பார்க்கலாம். துரு பிடித்த ஒரு இணைப்பில் ஒரு ஓம்மில் நூறில் ஒரு பங்கு தடை இருக்கிறது என்று வைத்துக் கொள்வோம். அதாவது 0.01 ஓம். அதில் 250 ஆம்பியர் ஓடினால் 2.5 வோல்ட் அங்கேயே காலி. மோட்டாருக்கு போக வேண்டிய அந்த சக்தி, 625 வாட் சூடாக அந்த ஒரு போல்டில் இறங்குகிறது. கிட்டத்தட்ட ஒரு சின்ன இஸ்திரி பெட்டி!

சாதாரண மீட்டரில் ஓம்ஸ் வைத்து பார்த்தால் இந்த 0.01 தெரியாது. மீட்டரின் சொந்த வயரிலேயே அதை விட அதிக தடை இருக்கும். "பீப்" சத்தம் கேட்டு "வயர் ஓகே" என்று முடிவு செய்து விடுகிறவர்கள் ஏமாறுவது இங்கேதான். நாலு கம்பி இருந்தாலும் பீப் அடிக்கும்.

புது பேட்டரி போட்டதும் ஒரு மாசம் ஓடுவதற்கும் இதுதான் காரணம். புதுசுக்கு தெம்பு அதிகம். தடையை மீறி தள்ளி விடும். ஆனால் எர்த் சரியில்லாத வண்டியில் ஆல்டர்னேட்டர் அனுப்புகிற சார்ஜும் பேட்டரிக்கு முழுசாக வந்து சேராது. அரைகுறை சார்ஜிலேயே கிடந்து அந்த புது பேட்டரியும் சீக்கிரம் கெட்டுப் போகும். பழி மட்டும் பேட்டரி கம்பெனி மேல் விழும்.

நம்ம பக்கம் ஏன் அதிகம்?

எர்த் இணைப்புக்கு எதிரிகள் நாலு பேர். ஈரம், உப்பு, அதிர்வு, பெயிண்ட். நாலும் நம்ம மாவட்டத்தில் தாராளம்.

பழவேற்காடு ஏரியை ஒட்டி இருக்கிற ஊர்களில் காற்றிலேயே உப்பு. சில்கா ஏரிக்கு அடுத்து இந்தியாவின் 2-வது பெரிய உவர்நீர் ஏரி அது. கடலோர காற்று பட்டால் செம்பு பச்சை பூக்கும், இரும்பு துரு பிடிக்கும்.

சேடை ஓட்டும்போது சேறு தெறித்து அடியில் இருக்கிற போல்டு எல்லாம் மூடிக் கொள்ளும். வெளியே காய்ந்த மாதிரி தெரியும். உள்ளே ஈரம் இருக்கும். யூரியா மூட்டை ஏற்றுகிற வண்டி என்றால் உரத்தூளும் ஈரமும் சேர்ந்து இரும்பை அரிக்கும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது பொன்னேரி, மீஞ்சூர் பக்கம் வெள்ளம் சூழ்ந்தது. வெள்ள தண்ணீரில் நின்ற வண்டியில் பேட்டரியை மாற்றி விட்டால் மட்டும் போதாது. வயர் முனையில் ரப்பர் உறைக்குள்ளே போன தண்ணீர், மாசக்கணக்கில் உள்ளுக்குள் இருந்தே கம்பியை அரித்துக் கொண்டு இருக்கும். மழை வெள்ளம் பார்த்த வண்டி எதுவானாலும் எர்த் வயரை ஒரு தடவை கழற்றி பார்த்து விடுவது நல்லது.

கடைசி எதிரி நாமேதான். ஆயுத பூஜைக்கும் மாட்டு பொங்கலுக்கும் டிராக்டரை புதுசு மாதிரி பெயிண்ட் அடிப்போம். எர்த் போல்டை கழற்றி, பெயிண்ட் அடித்து, அதன் மேலேயே திரும்ப முடுக்கி விடுவோம். பெயிண்ட் கரண்டை கடத்தாது. பூஜை முடிந்த மறுவாரம் செல்ப் தகராறு என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது அந்த போல்டைத்தான்.

சத்தத்தை வைத்தே பாதி தெரியும்

மீட்டரை எடுப்பதற்கு முன்னால் காதை தீட்டிக் கொள்ளுங்கள்.

* எஞ்சின் நன்றாக வேகமாக சுற்றுகிறது, ஆனால் பிடிக்கவில்லை. இது எர்த் கோளாறு இல்லை. டீசல், பில்டர், ஏர் லாக் பக்கம் பாருங்கள்.

* "டக்" என்று ஒரே ஒரு சத்தம், பிறகு அமைதி. சோலினாய்டு வேலை செய்கிறது, மோட்டாருக்கு போதுமான கரண்டு வரவில்லை. எர்த், பிளஸ் வயர், சோலினாய்டு உள்ளே இருக்கிற பாயிண்ட், செல்ப் மோட்டார் கார்பன், இந்த நாலில் ஒன்று.

* "டக டக டக டக" என்று தொடர்ந்து அடிக்கிறது. லோடு வந்ததும் வோல்ட் விழுகிறது. சார்ஜ் இல்லாத பேட்டரி அல்லது மோசமான இணைப்பு.

* சத்தமே இல்லை. கிளட்ச் மிதித்தால் மட்டும் ஸ்டார்ட் ஆகிற வண்டி என்றால் கிளட்ச் சுவிட்ச், நியூட்ரல் சுவிட்ச், பியூஸ், சாவி சுவிட்ச் வரிசையாக பாருங்கள்.

* வயரை ஆட்டினால் அல்லது தட்டினால் ஸ்டார்ட் ஆகிறது. லூஸ் இணைப்பு. இதில் சந்தேகமே வேண்டாம்.

* செல்ப் அடிக்கும்போது ஹவர் மீட்டர் கேபிளோ ஆக்சிலேட்டர் கேபிளோ சூடாகிறது, புகை வருகிறது. இது எர்த் போனதற்கு நல்ல அடையாளம். பெரிய வழி அடைத்ததால் கரண்டு சந்து பொந்தில் புகுந்து திரும்பி வருகிறது. உடனே நிறுத்துங்கள். தீப்பிடிக்கும்.

மீட்டர் வைத்து 10 நிமிட சோதனை

டிஜிட்டல் மல்டிமீட்டர் எலக்ட்ரிக்கல் கடையில் சில நூறு ரூபாய்க்கு கிடைக்கிறது. அதை டி.சி. 20 வோல்ட்டில் வையுங்கள். கூட ஒரு ஆள் வேண்டும்.

வண்டி நியூட்ரலில் இருக்க வேண்டும். கை பிரேக் போட்டிருக்க வேண்டும். ஒருவர் சீட்டில் உட்கார்ந்து கிளட்ச் மிதித்து சாவி திருப்ப வேண்டும். ஸ்டாப் நாபை இழுத்து பிடித்துக் கொண்டால் எஞ்சின் பிடிக்காமல் சும்மா சுற்றும். மீட்டர் பிடிக்கிறவர் சக்கரத்துக்கு முன்னாலோ பின்னாலோ நிற்கவே கூடாது. ஒரு தடவைக்கு 10 வினாடிக்கு மேல் செல்ப் அடிக்க வேண்டாம். ஒரு நிமிடம் ஆற விட்டு அடுத்த தடவை அடியுங்கள்.

முதல் சோதனை: வண்டியை நிறுத்தி சில மணி நேரம் கழித்து பேட்டரியின் இரண்டு முனையிலும் மீட்டர் வையுங்கள். 12.6 வோல்ட் இருந்தால் முழு சார்ஜ். 12.4 என்றால் முக்கால். 12.2 என்றால் பாதி. 12-க்கு கீழே என்றால் முதலில் சார்ஜ் போடுங்கள். சார்ஜ் இல்லாத பேட்டரியை வைத்து மேற்கொண்டு சோதனை செய்வது வீண்.

இரண்டாவது சோதனை: மீட்டரை அங்கேயே வைத்துக் கொண்டு செல்ப் அடிக்க சொல்லுங்கள். 9.6 வோல்ட்டுக்கு கீழே விழுந்தால் பேட்டரி பலவீனம், அல்லது மோட்டார் இறுகி அதிக கரண்டு இழுக்கிறது. ஆனால் பேட்டரியில் 11, 12 வோல்ட் அப்படியே நிற்கிறது, மோட்டார் மட்டும் முனகுகிறது என்றால் கவனியுங்கள். பேட்டரி கொடுக்க தயாராக இருக்கிறது. வழியில் யாரோ மறிக்கிறார்கள்.

மூன்றாவது சோதனை: இதுதான் முக்கியம். மீட்டரின் கறுப்பு முனையை பேட்டரியின் மைனஸ் ஈயக்கட்டையில் வையுங்கள். மேலே மாட்டியிருக்கிற கிளாம்பில் இல்லை, கட்டையிலேயே வைக்க வேண்டும். சிவப்பு முனையை செல்ப் மோட்டாரின் உடம்பில், பெயிண்ட் இல்லாத இடத்தில் அழுத்துங்கள். செல்ப் அடிக்க சொல்லுங்கள்.

0.2 வோல்ட் அல்லது அதற்கு கீழே காட்டினால் எர்த் நன்றாக இருக்கிறது. 0.2-ல் இருந்து 0.5 வரை என்றால் கழற்றி சுத்தம் செய்யுங்கள். 0.5-க்கு மேலே போனால் திருடன் பிடிபட்டான். 12 வோல்ட்டும் அங்கேயே காட்டினால் எர்த் சுத்தமாக அறுந்து விட்டது என்று அர்த்தம்.

ஒரு விஷயம். சாவி திருப்பும்போது "டக்" சத்தம் கூட வராத வண்டியில் இந்த சோதனை சரியாக வராது. கரண்டு ஓடினால்தான் தடை தெரியும். லோடு இல்லாமல் மீட்டர் "நல்லா இருக்கு" என்று பொய் சொல்லும்.

நான்காவது சோதனை: எந்த இணைப்பில் கோளாறு என்று பார்க்க வேண்டும். கறுப்பு முனை ஈயக்கட்டையிலேயே இருக்கட்டும். சிவப்பு முனையை ஒவ்வொரு இடமாக நகர்த்துங்கள். முதலில் மைனஸ் கிளாம்பு. பிறகு எர்த் வயரின் அடுத்த முனை. பிறகு அது முடுக்கியிருக்கிற போல்டு. பிறகு அந்த போல்டு பக்கத்து இரும்பு. பிறகு எஞ்சின். கடைசியாக மோட்டார் உடம்பு. ஒவ்வொரு இடத்திலும் செல்ப் அடித்து பாருங்கள். எந்த இடத்தில் எண் குபீரென்று ஏறுகிறதோ, அந்த இடத்துக்கும் அதற்கு முந்தைய இடத்துக்கும் நடுவில்தான் கோளாறு.

ஐந்தாவது சோதனை: எர்த் நன்றாக இருந்தால் இதே மாதிரி பிளஸ் பக்கம் பாருங்கள். சிவப்பு முனை பேட்டரி பிளஸ் கட்டையில், கறுப்பு முனை செல்ப் மோட்டாருக்குள் கரண்டு போகிற பெரிய டெர்மினலில். 0.5 வோல்ட்டுக்கு மேல் போனால் பிளஸ் வயர் அல்லது சோலினாய்டில் கோளாறு.

மீட்டர் இல்லையா?

பேட்டரிக்கு பேட்டரி கொடுக்கிற ஜம்பர் கேபிள் ஒன்று போதும். அதில் ஒரு வயரை மட்டும் எடுங்கள். ஒரு முனையை பேட்டரி மைனஸ்சிலும், அடுத்த முனையை செல்ப் மோட்டார் பக்கத்தில் சுத்தமான இரும்பிலும் மாட்டுங்கள். இப்போது செல்ப் அடியுங்கள்.

இதுவரை முனகிய வண்டி விர்ரென்று எடுத்தால் முடிந்தது விஷயம். எர்த்துதான். பேட்டரியும் நல்லது, மோட்டாரும் நல்லது. வித்தியாசமே இல்லை என்றால் எர்த் குற்றவாளி இல்லை.

மாட்டும்போது அந்த வயர் பிளஸ் பக்கம் எங்கேயும் பட்டு விடக்கூடாது. பட்டால் வெல்டிங் மாதிரி நெருப்பு பறக்கும்.

சரி செய்வது எப்படி?

கையில் மோதிரம், காப்பு, உலோக பட்டை வாட்ச் இருந்தால் கழற்றி வையுங்கள். பேட்டரியில் மைனஸ் வயரை முதலில் கழற்றுங்கள், கடைசியில் மாட்டுங்கள். காரணம் இருக்கிறது. மைனஸ் மாட்டி இருக்கும்போது பிளஸ்சை கழற்றினால், ஸ்பேனர் தவறி வண்டி உடம்பில் பட்டதும் ஷார்ட் ஆகும். சார்ஜ் ஆகிற பேட்டரியில் இருந்து வருகிற ஹைட்ரஜன் வாயு அந்த பொறியில் வெடித்து ஆசிட் முகத்தில் அடிக்கும். பேட்டரி பக்கத்தில் பீடி, சிகரெட் கூடவே கூடாது.

பேட்டரி கட்டையில் பூத்திருக்கிற வெள்ளை, பச்சை தூளுக்கு சமையல் சோடாவை தண்ணீரில் கரைத்து பிரஷ்சில் தேய்த்தால் நுரைத்து கழன்று வரும். அந்த தண்ணீர் பேட்டரி மூடிக்குள் போகக்கூடாது. பிறகு நல்ல தண்ணீரில் துடைத்து காய விடுங்கள்.

எர்த் போல்டை முழுசாக கழற்றுங்கள். வயர் முனை, வாஷரின் இரண்டு பக்கம், போல்டு உட்காருகிற இரும்பு, எல்லாவற்றையும் உப்புத்தாள் போட்டு பளபளவென்று இரும்பு தெரிகிற வரைக்கும் தேய்க்க வேண்டும். மேலாக தேய்த்து விட்டு முடுக்கினால் பயன் இல்லை. பல் வாஷர் போட்டு நன்றாக இறுக்குங்கள். இறுக்கிய பிறகு மேலே வாசலின் தடவுங்கள், ஈரம் அண்டாது.

வயரை கையால் வளைத்து பாருங்கள். பிளாஸ்டிக் உறைக்குள் நொறுநொறு சத்தம் வந்தாலோ, முனையில் பச்சை தூள் கொட்டினாலோ, பட்டையில் கம்பிகள் அறுந்து நின்றாலோ அதை மாற்றி விடுங்கள். புதுசு பழைய தடிமனுக்கு குறையக்கூடாது. அவசரத்துக்கு வீட்டு ஒயரிங் வயரை முறுக்கி கட்டுகிறவர்கள் உண்டு. அது செல்ப் கரண்டை தாங்காது. உருகி தீப்பிடிக்கும்.

செல்ப் மோட்டாரை பிடித்திருக்கிற போல்டுகளையும் ஒரு முடுக்கு முடுக்குங்கள். மோட்டாருக்கு எர்த் அந்த போல்டு வழியாகத்தான். மோட்டாரை ரிப்பேர் செய்து பெயிண்ட் அடித்து மாட்டியிருந்தால் உட்காருகிற இடத்து பெயிண்டை சுரண்ட வேண்டும்.

எல்லாம் முடிந்ததும் மூன்றாவது சோதனையை மறுபடி செய்யுங்கள். 0.2-க்கு கீழே வந்தால்தான் வேலை முடிந்தது. பிறகு எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் 13.8-ல் இருந்து 14.5 வோல்ட்டுக்குள் வருகிறதா என்றும் பார்த்து விடுங்கள். அப்போதுதான் பேட்டரிக்கு சார்ஜ் ஏறுகிறது என்று அர்த்தம்.

ஸ்குரு டிரைவர் வைக்காதீங்க!

செல்ப் எடுக்காத வண்டியில் கீழே நின்று கொண்டு, மோட்டாரின் இரண்டு டெர்மினலையும் ஸ்குரு டிரைவரால் இணைத்து ஸ்டார்ட் செய்வது நம்ம ஊரில் பழக்கமாகி விட்டது. பார்க்க சாமர்த்தியம் மாதிரி இருக்கும். ஆனால் இது எமன்.

இப்படி செய்யும்போது கிளட்ச் சுவிட்ச், நியூட்ரல் சுவிட்ச் எதுவும் வேலை செய்யாது. வண்டி கியரில் இருந்தால் ஸ்டார்ட் ஆன அதே நொடியில் பாய்ந்து விடும். ஸ்குரு டிரைவர் பிடித்தவர் நிற்கிற இடம் பெரிய சக்கரத்துக்கு நேர் முன்னால். நகர்வதற்கு நேரம் கிடைக்காது. உலகம் முழுவதும் டிராக்டர் விபத்துகளில் இந்த மாதிரி உயிர்கள் போயிருக்கின்றன.

இதில் இன்னொரு வேடிக்கை. எர்த் போன வண்டியில் ஸ்குரு டிரைவர் வைத்தாலும் கோளாறு அப்படியேதான் இருக்கும். அந்த கரண்டும் அதே எர்த் வழியாகத்தான் திரும்ப வேண்டும். உயிரை பணயம் வைத்தும் பிரயோஜனம் இல்லை.

ஸ்டார்ட் ஆன பிறகு பேட்டரியை கழற்றி அடுத்த வண்டிக்கு மாட்டுகிற வேலையும் வேண்டாம். ஓடுகிற எஞ்சினில் பேட்டரியை கழற்றினால் ஆல்டர்னேட்டர் எரிந்து போகும்.

சிப்காட் சுற்று வட்டாரத்தில் டிரெய்லருக்கும் ஏர் கலப்பைக்கும் வண்டியில் மாட்டியபடியே வெல்டிங் வைப்பார்கள். அதற்கு முன் பேட்டரியின் இரண்டு வயரையும் கழற்றி விடுங்கள். வெல்டிங் எர்த் கிளிப்பை வெல்டிங் வைக்கிற இடத்துக்கு பக்கத்திலேயே மாட்ட சொல்லுங்கள். எங்கேயோ மாட்டினால் அந்த கரண்டு பேரிங், ஆல்டர்னேட்டர் வழியாக போய் வேறு செலவு வைக்கும்.

பழைய வண்டி வைத்திருக்கிறீர்களா?

இன்றைக்கு ஓடுகிற டிராக்டர்களில் மைனஸ்தான் எர்த். ஆனால் 1946-ல் இங்கிலாந்தில் தயாரிப்பு தொடங்கிய சாம்பல் நிற பெர்குசன் டி.இ.20 மாதிரி பழைய வண்டிகளில் பிளஸ்சை எர்த் செய்திருப்பார்கள். தாத்தா காலத்து வண்டியை தூசி தட்டி எடுக்கிறவர்கள், எந்த வயர் உடம்பில் முடுக்கியிருக்கிறது என்று பார்த்த பிறகே பேட்டரி மாட்டுங்கள். அந்த வண்டியில் மீட்டரின் கறுப்பு முனையை பிளஸ் கட்டையில் வைத்து எர்த் சோதனை செய்தால் எண்ணுக்கு முன்னால் மைனஸ் குறி வரும். பயப்பட வேண்டாம், எண்ணை மட்டும் பாருங்கள்.

பேட்டரியும் சாகும்

எல்லா கோளாறும் எர்த்துதான் என்று சொல்ல முடியாது. பேட்டரிக்கும் ஆயுசு உண்டு. முழு சார்ஜ் போட்டும் இரண்டாவது சோதனையில் 9.6-க்கு கீழே விழுந்து, எர்த்தும் பிளஸ்சும் நன்றாக இருந்தால், பேட்டரி கடையில் கொடுத்து லோடு டெஸ்ட் செய்யுங்கள். அதில் பேட்டரி தேறினால் செல்ப் மோட்டாரை கழற்றி பார்க்க வேண்டியதுதான். பேட்டரி தோற்றால் புதுசு வாங்குங்கள். பழசை கடையிலேயே திருப்பி கொடுங்கள். வீட்டு பக்கத்தில் உடைத்து ஈயம் எடுக்கிறவர்களிடம் கொடுத்தால் அந்த விஷம் நம்ம குழந்தைகள் விளையாடுகிற மண்ணில்தான் இறங்கும்.

பழுது பெரிசு, வண்டி ரெண்டு நாள் நிற்கும் என்றால் வேளாண் பொறியியல் துறை டிராக்டர்களை வாடகைக்கு விடுகிறது. உழவன் செயலியில் பதிவு செய்யலாம். பட்டம் ஆரம்பித்த பிறகு தேடாமல் முன்கூட்டியே கேட்டு வைப்பது புத்திசாலித்தனம்.

ஆனால் அதற்கு முன்னால் 10 நிமிடம் ஒதுக்குங்கள். நாற்று பறிக்க ஆள் வருவதற்கு முந்தைய வாரமே ஒரு நாள் சாயங்காலம் உட்கார்ந்து, எர்த் போல்டை கழற்றி, தேய்த்து, முடுக்கி விடுங்கள். வருஷத்துக்கு ஒரு தடவை செய்தால் போதும். பொங்கலுக்கு பெயிண்ட் அடிக்கும்போது அந்த ஒரு போல்டை மட்டும் விட்டு விட்டு அடியுங்கள்.

டிராக்டருக்கு பொட்டு வைக்கலாம், மாலை போடலாம். எர்த்துக்கு மட்டும் பெயிண்ட் வேண்டாம்!